அம்மாவுக்கு எடுத்துவைத்த அழுகை

போன வாரம் பஸ்ஸின் மாடியில் ஒரு பெண் அழுதுகொண்டு வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். நல்ல கோட்டு, மடியில் ஆபீஸ் பை. சத்தமே வராமல் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. மாடியில் பதினைந்து பேராவது இருந்தோம். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. லண்டனுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆன பிறகு, இதைக் கல்நெஞ்சு என்று நான் சொல்லமாட்டேன். அழுகிறவரைப் பார்க்காமல் இருப்பதுதான் இங்கே மரியாதை. உத்திரமேரூரிலிருந்து எங்கள் ஊரான பெருநகருக்குப் போகிற பஸ்ஸாக இருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "இன்னாமா ஆச்சு, யாராச்சும் பூட்டாங்களா?" என்பார். பக்கத்து சீட்டுக்காரி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வாள். பின் சீட்டுப் பெரியவர் எந்த ஊர், எந்தத் தெரு, யார் வூட்டுப் பொண்ணு என்று விசாரித்து விசாரித்து, இறங்குவதற்குள் செத்தவருக்கு ஏதோ ஒரு வழியில் பங்காளியாகிவிடுவார்.

வந்த புதிதில் நானும் இதே போல ஒரு பெண் அழுவதைப் பார்த்து, எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்த்து, "ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ" என்றாள். எனக்கு உட்கார இடம் வேண்டும் என்று நினைத்தாள் போல. பையை எடுத்து மறுபக்கம் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று முறை அப்படி எழுந்து போயிருக்கிறேன், பழக்கம் விடுமா? ஆனால் போன வாரம் நான் எழுந்திருக்கவில்லை. அதற்குக் காரணம் மரியாதை இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் வேலை பார்ப்பது ஒரு நாடகக் கொட்டகையில். கொட்டகை என்றதும் உத்திரமேரூர் டூரிங் டாக்கீஸ் மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம். கீழே ஒரு பப், அதாவது சாராயக் கடைதான், ஆனால் குடும்பத்தோடு வந்து சாப்பிடுகிற மாதிரி கௌரவமான கடை. அதற்கு மேல் மாடியில் கறுப்புச் சாயம் அடித்த ஒரு அறை. நாற்பத்தெட்டு நாற்காலி. மேடை என்று உயரமாக எதுவும் கிடையாது, முதல் வரிசைக்காரர் காலை நீட்டினால் ராஜாவின் மேல் படும். பெரிய கொட்டகைகள் தொடாத வெளிநாட்டு நாடகங்களையும், இன்னும் பெயர் எடுக்காத சின்னப் பிள்ளைகளையும்தான் இங்கே ஏற்றுவார்கள். ஒரு மாதம் சிலியிலிருந்து வந்த கதை, அடுத்த மாதம் நைஜீரியாக் கதை. நடத்துகிறவள் ஃபியோனா. அறுபது வயதிருக்கும், தானே ஏணி ஏறி விளக்கு மாட்டுவாள். நான் காலையில் கூட்டித் துடைப்பேன். நாடகம் உள்ள நாட்களில் சாயங்காலம் கதவருகே நின்று டிக்கெட்டைக் கிழித்து, கழிப்பறை இடது பக்கம் என்று சொல்வேன். என் வீட்டுக்காரர் வாலாஜாபாத்காரர், இங்கே ஒரு ஓட்டலில் சமையல். "ஊர்ல கூத்து பாக்கப் போனா எங்கம்மா தொடப்பத்த எடுக்கும். நீ இன்னாடான்னா தொடப்பத்த எடுத்துக்கினு கூத்துக்கே போற" என்று கேலி செய்வார்.

அங்கேதான், போன வருஷம் ஒரு தை மாதக் காலையில், படிக்கட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மானாம்பதியில் வாழ்க்கைப்பட்டிருக்கிற என் அக்கா சரோஜா. "தேவகி, அம்மா பூடுச்சிடி" என்றாள். அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. போனில் பெருநகர் வீட்டில் பெண்கள் அழுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஃபியோனா ஓடி வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் கண் கலங்கிவிட்டது, நல்ல மனுஷி. என்னை ஆபீஸ் அறைக்கு அழைத்துப் போய், ஒரு கோப்பை டீ வைத்து, "நீ தனியாக இருக்க வேண்டும், எனக்குப் புரிகிறது" என்று சொல்லிக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள். வெளியே யாரும் வந்துவிடாமல் ஒரு மணி நேரம் காவல் நின்றாளாம், பிறகு தெரிந்தது. எங்கள் பக்கத்தில் தாய் செத்த பெண்ணை ஒரு அறையில் விட்டுக் கதவைச் சாத்துவது பகையாளிகூடச் செய்யாத காரியம் என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? என் நன்மைக்குத்தானே செய்தாள்! அந்த ஒரு மணி நேரமும் நான் டீயையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

போயிருக்கலாமே என்பீர்கள். விசா நீட்டிப்புக்கு எழுதிப் போட்டிருந்தோம், பாஸ்போர்ட் அவர்களிடம் இருந்தது. பதில் வருவதற்குள் நாட்டை விட்டுப் போனால் விண்ணப்பமே செல்லாது. என்னோடு இந்த நாட்டில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தாய் செத்தால் தகப்பன் சிற்றப்பன் என்று ஊரில் சொல்வார்கள். எனக்குத் தகப்பனும் இல்லை. கூடப்பிறந்தவர்களில் மனசு விட்டு அழ இருப்பது அக்கா ஒருத்திதான். அண்ணன் கொள்ளி வைத்தான். கருமாதியும் முடிந்தது. நான் எதற்கும் இல்லை.

ஆனால் ஒன்றை மட்டும் மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன். அம்மாவுக்கான அழுகையை இங்கே அழமாட்டேன். அது ஊரில் அழ வேண்டியது. எங்கள் பக்கத்தில் எப்படி அழுவார்கள் என்று இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். எழவு வீட்டுக்கு வருகிற பெண் தெருமுனையிலிருந்தே குரல் எடுப்பாள். உள்ளே இருப்பவர்கள் எழுந்து எதிரே வருவார்கள். தோளில் கை போட்டு, தலையோடு தலை முட்டி, வட்டமாக உட்கார்ந்து ஆடி ஆடி அழுவார்கள். ஒரு பெண்ணைத் தனியாக அழவிட்டால் அது பாவம். பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் இல்லாவிட்டாலும் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டிக்கொண்டால் தண்ணீர் தானாக வரும், "எழவு வூட்ல அவங்கவங்க எழவத்தான் அவங்கவங்க அழுவாங்க" என்று எங்கள் ஊரில் ஒரு அத்தை சொல்வாள். வெளியூரில் இருந்து பிந்தி வருகிற மகளுக்காக, மாதங்கள் கழித்தானாலும் அந்த வட்டம் மறுபடி கூடும். அக்காவும் போனில், "நீ வந்தாதான்டி என்னால அழுவ முடியும். இங்க எல்லாரும் அழுதாங்க, நான் யார கட்டிக்கினு அழுவுறது? வா, ரெண்டு பேரும் அழுதுக்கலாம்" என்றாள். அதனால் அந்த அழுகையைச் செலவழிக்காமல் எடுத்துவைத்தேன். வீட்டில் அம்மா படத்தைக்கூட மாட்டவில்லை, பார்த்தால் வந்துவிடும் என்று பயம்.

வைகாசியில் நீனோ வந்தாள். ஜார்ஜியாப் பெண், இருபத்தாறு வயது. அவளே நாடகம் எழுதி, அவளே சொல்லிக்கொடுத்து ஏற்றுகிறாள், இதுதான் முதல் நாடகம். இது ஓடினால் பெரிய கொட்டகைக்காரர்கள் பார்த்துக் கூப்பிடுவார்கள், இல்லையென்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று அவளே என்னிடம் சொன்னாள். கதை இதுதான். வெளிநாட்டில் வேலைக்குப் போன தாய் செத்துப்போகிறாள், உடல் வராமல் அவளுடைய பெட்டி மட்டும் மகளுக்கு வந்து சேர்கிறது. கடைசிக் காட்சியில் மகள் அந்தப் பெட்டியின் முன்னால் அழ வேண்டும். மகளாக நடிக்கிற ஹன்னா இந்த ஊர்ப் பெண், கெட்டிக்காரி. ஆனால் அழச் சொன்னால் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு அழுவாள். நீனோவுக்குப் பிடிக்கவில்லை. "எங்கள் ஊர்க் கிழவிகள் பாடி அழுவார்கள், எனக்குத்தான் பாடத் தெரியவில்லை" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் அப்போது நாற்காலிகளுக்கு அடியில் கூட்டிக்கொண்டிருந்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள், வாயால் கெட்ட பிள்ளையும் உண்டு. "எங்கள் ஊரிலும் பாடித்தான் அழுவோம்" என்றேன்.

அடுத்த நாள் இருவரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். சொல்லித் தருவதில் எனக்குத் தடை இல்லை. ஆனால் உள்ளே வைத்துச் சொல்லித் தரமாட்டேன் என்றேன். சாவு விழாத வீட்டுக்குள் ஒப்பாரி பாடிப் பழகக் கூடாது. எங்கள் பெண்கள் நடவு வயலில்தான் பழகுவார்கள். "இது வீடு இல்லையே, தியேட்டர்தானே" என்றாள் நீனோ. நான் தினமும் கூட்டிப் பெருக்குகிற இடம் எனக்கு வீடுதான் என்றேன். நாடகத்தன்று கதையில் சாவு விழுந்திருக்கும், அப்போது பாடினால் குற்றமில்லை, சும்மாப் பழகுவதுதான் கூடாது. "எங்கள் கிழவிகளும் இப்படித்தான் ஏதாவது சொல்வார்கள்" என்று நீனோ சிரித்தாள். பப்புக்குப் பின்னால் குப்பைத் தொட்டிகளும் பீர் பீப்பாய்களும் நிற்கிற ஒரு முற்றம் இருக்கிறது. அங்கே போனோம்.

முதலில் கேட்டேன், "யாருக்கு அழுகிறோம்?" ஒப்பாரிக்கு ஆள் வேண்டும். ஆத்தாவா, புருஷனா, அண்ணனா, பெயர் என்ன, எந்த ஊர், என்ன பாடுபட்டாள் என்று தெரியாமல் முதல் வரியைக்கூட எடுக்க முடியாது. நீனோ தன் அம்மாவின் பெயரைச் சொன்னாள். இத்தாலியில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்கிற வேலையாம், பார்த்து நான்கு வருஷமாயிற்றாம்.

"எப்போது தவறினார்கள்?"

"தவறவில்லை. இருக்கிறார்கள். நேற்றுகூடப் பேசினேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உயிரோடு இருக்கிற தாய்க்கா எழவு எழுதினாய் என்று கேட்டேன். அவள் அதைத் தன் எழுத்தைப் பாராட்டுவதாக எடுத்துக்கொண்டாள். ஆமாம், அந்தப் பயத்தில்தான் எழுதினேன் என்று நெஞ்சில் கை வைத்தாள். உயிரோடு இருக்கிற ஒருத்தி பெயரைச் சொல்லி, நாடகம் ஓடுகிற மூன்று வாரமும் ஒப்பாரி வைத்தால் அவள் தாங்குவாளா? எங்கோ ஒரு தேசத்தில், யாரோ ஒரு கிழவிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கிற அந்த அம்மாளை நினைத்துப் பார்த்தேன். அப்போது தோன்றியதுதான் அது. "அந்தப் பெயர் வேண்டாம். என் அம்மா பெயரை வைத்துக்கொள்ளுங்கள். கன்னியம்மா. அவள் போய்விட்டாள், அவளுக்கு இனி ஒரு கெடுதலும் வராது" என்றேன். நீனோவுக்கு முழுக்கப் புரிந்ததா தெரியவில்லை. வந்து என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள்.

இப்படித்தான் என் அம்மா அந்த மேடைக்கு வந்தாள். வரிகளை நானே கட்டினேன்.

செய்யாத்து மணல் சுட செருப்பில்லாம நீ நடந்தே
என்னப் பெத்த அம்மா
மேகத்து மேல என்ன மெத்த போட்டு அனுப்பிவச்சே
என்னப் பெத்த அம்மா
சேதி வந்து சேருமுன்னே சீமைவழி அடைச்சாங்க
என்னப் பெத்த அம்மா

நீனோ இங்கிலீஷில் நடுநடுவே வசனம் எழுதிக்கொண்டாள். பாட்டு தமிழிலேயே இருக்கட்டும் என்றாள். ஹன்னாவின் நாக்குக்கு 'பெத்த' பிடிபட நான்கு நாள் ஆயிற்று. கட்டிக்கொள்வதையும் சொல்லிக்கொடுத்தேன், தோளில் கை எங்கே போக வேண்டும், தலை எப்படி முட்ட வேண்டும் என்று. பீப்பாய்களுக்கு நடுவில் நானும் அவளும் கட்டிக்கொண்டு ஆடி ஆடிப் பாடுவதைப் பார்த்து, சிகரெட் பிடிக்க வந்த பப் சமையல்காரர் பதறி உள்ளே ஓடி, இரண்டு டம்ளர் தண்ணீரோடு திரும்பி வந்தார். அந்தப் பழக்கத்தின்போது நான் அழவில்லை. வாய்தான் பாடியது. கண்ணைக் கட்டுக்குள் வைத்திருந்தேன். ஊருக்கு எடுத்துவைத்தது அப்படியே இருந்தது.

முதல் நாள். ஏழரை மணிக்கு ஆரம்பம், நாற்பத்தெட்டு நாற்காலியும் நிறைந்திருந்தது. விமரிசனம் எழுதுகிற ஆள் ஒருவர் மூன்றாம் வரிசையில் இருந்தார். நீனோ கதவருகே என் பக்கத்தில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். கடைசிக் காட்சி வந்தது. ஹன்னா பெட்டியின் முன் மண்டியிட்டாள். நான் சொல்லிக்கொடுத்ததற்கு மேல் பாடினாள். கட்டிக்கொள்ள ஆள் இல்லை என்பதுதான் கதை, வெற்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பாடினாள். அந்த வெள்ளைக்காரப் பெண்ணின் வாயில் 'என்னப் பெத்த அம்மா' ஒரு முறை வந்தது. இரண்டாம் முறை வந்தது. சுற்றி நாற்பத்தெட்டு பேர் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. கன்னியம்மா என்று பெயர் சொல்லி ஒருத்தி தனியாக அழுகிறாள், செத்தவளின் மகள் நான் கதவைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிறேன். மூன்றாவது 'அம்மா'வில் என் கால் நகர்ந்துவிட்டது.

எங்கள் ஊர்க் கூத்தில் ஆடுகிறவருக்கும் பார்க்கிறவருக்கும் நடுவில் கோடு கிடையாது. ராஜா மடிந்து, ராணி வேஷம் கட்டியவர் மார்பில் அடித்துக்கொள்ளும்போது, முன்னால் உட்கார்ந்திருக்கிற பெண்கள் எழுந்துபோய்க் கட்டிக்கொண்டு அழுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்தப் புத்திதான். நாற்காலிகளுக்கு நடுவே நடந்து போய், ஹன்னாவின் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போட்டேன். அவள் உடம்பு ஒரு கணம் விறைத்தது. பிறகு பீப்பாய்களுக்கு நடுவில் பழகியபடி என் தலையில் தலையை முட்டினாள். அவ்வளவுதான். ஐந்து மாதமாகக் கட்டிவைத்தது உடைந்துவிட்டது. அம்மாவின் காலை நினைத்தேன், வெடிப்பு வெடிப்பாக இருக்கும். என்ன பாடினேன் என்று எனக்குத் தெரியாது. கை தட்டுகிற சத்தம் கேட்டுத்தான், நான் எங்கே இருக்கிறேன் என்பது உறைத்தது.

ஆபீஸ் அறைக்குள் போனதும் நீனோ வெளுத்துப்போய் நின்றாள். "என் நாடகத்தை என்ன செய்தாய்?" என்று கேட்டாள். மகளுக்குக் கட்டிக்கொள்ள யாரும் இல்லை என்பதுதானே என் கதை என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். ஆனால் மறுநாள் விமரிசனம் வந்தது. டிக்கெட் கிழிக்கிற பெண் எழுந்து வந்து அழுகிறவளைக் கட்டிக்கொள்கிற அந்தக் கடைசி நிமிடத்துக்காகவே இந்த நாடகத்தைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார் அந்த ஆள். அது நாடகத்தில் எழுதிவைத்தது என்றே நினைத்துவிட்டார். மத்தியானத்துக்குள் மூன்று வாரத்து டிக்கெட்டும் தீர்ந்தது. பெரிய கொட்டகை ஒன்றிலிருந்து பார்க்க வருகிறோம் என்று கடிதம் வந்தது. நீனோ மாடிப்படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "தினமும் செய்வாயா?" என்று கேட்டாள்.

இழவுக்கு வந்தவள் தாலி அறுப்பாளா என்று ஒரு பழமொழி உண்டு. அடுத்தவர் துக்கத்துக்கு வந்தவள் தன்னுடையதை அறுத்துக் கொடுக்கமாட்டாள். எனக்கு அந்தப் பழமொழி ஞாபகம் வந்தது. ஆனால் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணும் என்னைப் போல விசாக் காகிதத்துக்குக் காத்திருக்கிறவள்தான், அவளுக்கும் தாய் ஒரு தேசம், தான் ஒரு தேசம். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. முதல் நாள் அழுதது அழுததுதான், இனி அழுவதில் என்ன குறையப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டாம் நாளும் அழுகை வந்தது, பாதி. மூன்றாம் நாள் நீனோ வந்து, நீ தலையைக் குனிந்துகொள்கிறாய், இடது பக்க வரிசைக்கு உன் முதுகுதான் தெரிகிறது, முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்தி இந்தப் பக்கம் திருப்பு, வெளிச்சம் இங்கே விழும் என்றாள். நாங்கள் முகத்தை உள்ளே வைத்துத்தான் அழுவோம் என்றேன். "தெரியும். ஆனால் அவர்கள் பார்க்க வேண்டுமே" என்றாள். நியாயம்தானே, காசு கொடுத்து வந்தவர்கள். முகத்தை நிமிர்த்தினேன். கதவிலிருந்து பதினோரு எட்டு. ஹன்னாவின் மூன்றாவது 'அம்மா'வில் கிளம்பினால், அடுத்த வரி முடிவதற்குள் உட்காரலாம். ஒரு வாரத்தில், முகத்தை இடது பக்கம் திருப்பியதும் கண்ணீர் தானாக இறங்கப் பழகிவிட்டது, பஞ்சாயத்துக் குழாயில் நேரத்துக்குத் தண்ணீர் விடுகிற மாதிரி. மூன்றாம் வாரம், அப்படிக் கண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும்போதே, வீட்டில் தயிர் இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதை உணர்ந்த அன்று பயந்துபோனேன். பஸ்ஸில் அம்மாவின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். முகம் வந்தது. கூடவே ஹன்னாவின் சென்ட் வாசனையும் வந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு, "நாள் பூரா தோச ஊத்துறவனுக்கு வூட்டுக்கு வந்தா தோச எறங்காது. எனக்குத் தெரியும்" என்றார். அன்றைக்கு அவர் கேலி செய்யவில்லை.

நாடகம் ஓடி முடிந்தது. பெரிய கொட்டகை நீனோவை எடுத்துக்கொண்டது. அங்கே என் இடத்தில் சம்பளத்துக்கு ஒரு நடிகையை வைத்தார்கள், எனக்கு அதில் வருத்தம் இல்லை. போகும்போது என்னைக் கட்டிக்கொண்டு, "நீதான் எனக்கு வழி திறந்தாய்" என்றாள். தன் அம்மாவை வரவழைத்துப் பார்த்துவிட்டதாகச் சொன்னாள். நல்லா இருக்காங்களா என்று கேட்டேன். நன்றாக இருக்கிறார்கள் என்றாள். அது போதும் என்று தோன்றியது. ஆவணியில் என் பாஸ்போர்ட் வந்தது.

சென்னையில் இறங்கி, செங்கல்பட்டு வழியாக உத்திரமேரூர் போய்ச் சேர்ந்தபோது வெள்ளிக்கிழமை மத்தியானம். பஸ் நிலையத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அவள் உதடு கோணியது. அங்கேயே அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். முந்தானையைக் கடித்துக்கொண்டு அடக்கினாள்.

"இன்னிக்கு வெள்ளிக்கெழமடி. தொக்கம் கேக்கக் கூடாது. எங்க வூட்ல தங்கிக்கோ, நாளைக்குக் காலையில அம்மா வூட்டுக்குப் போவலாம். அண்ணிகிட்ட சொல்லிக்கிறேன், தெருவுல எல்லாரும் வந்துக்கினு இருப்பாங்க."

மானாம்பதியில் அக்கா வீட்டில் அன்று முழுக்கச் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தோம். அவள் எனக்கு மீன் குழம்பு வைத்தாள். எங்கள் ஊர்ச் செய்தியெல்லாம் சொன்னாள், யார் வீட்டில் போர் போட்டார்கள், யார் மகள் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறாள் என்று. இடையிடையே என் கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "எட்டு மாசமா நெஞ்சு கல்லாக் கீது தேவகி. கருமாதிக்கு வந்தவங்கள்லாம் சொன்னாங்க, இன்னாடி சரோஜா நீ அழவே மாட்டேங்கறன்னு. எந்தங்கச்சி வரட்டும், அப்ப பாருங்கன்னு சொன்னேன்" என்றாள். நான் லண்டனில் அழுதுவிட்டேன் அக்கா, பதினைந்து முறை அழுதுவிட்டேன், ஏழரை மணி ஆட்டம் என்று சொல்லத் தைரியம் இல்லை. அவளும் எனக்காகத்தான் எடுத்துவைத்திருக்கிறாள். அவளுடையது அப்படியே இருந்தது.

சனிக்கிழமை காலை பெருநகர். எங்கள் தெருமுனையில் திரும்பியதும் அக்கா குரல் எடுத்துவிட்டாள். வீட்டிலிருந்து அண்ணியும் பத்துப் பன்னிரண்டு பெண்களும் எதிரே ஓடி வந்தார்கள். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டோம். என் தோளில் எத்தனை கை விழுந்தது என்று தெரியாது. அக்கா எனக்கு நேரே இருந்தாள். எட்டு மாதத்துக் கல் உருகுகிற சத்தம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கேட்டேன். என்னப் பெத்த அம்மா என்றாள். எனக்கு வரவில்லை. இரண்டாவது முறை சொன்னாள். எனக்குப் பயம் வந்தது, ஊரே பார்க்கிறது, மகள் கண்ணில் தண்ணீர் இல்லையே. மூன்றாவது 'அம்மா' விழுந்தது. கண்ணீர் வந்துவிட்டது. தாரை தாரையாக வந்தது. நல்ல பாட்டும் வந்தது, பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். "சீமைக்குப் போயும் மறக்கல பாரு, இன்னாமா அழுவுது" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. எனக்குள்ளே ஒரு சின்ன நிம்மதிகூட உண்டாயிற்று.

அப்போது அக்கா பாடுவதை நிறுத்தினாள். என் காதுக்குள், மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "யாரப் பாத்துடி அழுவுற?" என்றாள்.

வட்டத்தில் இருந்த எல்லாத் தலையும் உள்ளே குனிந்திருந்தது. என் தலை மட்டும் நிமிர்ந்து, இடது பக்கம் திரும்பியிருந்தது. அந்தப் பக்கம் எதிர்வீட்டுச் சுவரும், அதில் போட்டிருந்த ஈரப் புடவையும்தான் இருந்தன.

அக்கா என் பின்கழுத்தில் கை வைத்துத் தலையை உள்ளே இழுத்து, தன் தோளில் அழுத்திக்கொண்டாள். அங்கே வெளிச்சம் இல்லை. வெற்றிலை வாசனையும், வேர்வையும், பெண்களின் மூச்சும் அடைந்திருந்தன. என் கண்ணீர் நின்றுவிட்டது. நான் வாயைத் திறந்து அம்மா என்று சொல்லிப் பார்த்தேன், குரல்தான் வந்தது. அக்காவுக்கு அது தெரிந்துவிட்டது என்பது அவள் கை என் கழுத்தில் இறுகியதில் தெரிந்தது. அவள் என்னை விடவில்லை. என்னை ஆட்டி ஆட்டி, எங்கள் இரண்டு பேருக்குமாக அவள் ஒருத்தியே அழுதுகொண்டிருந்தாள்.